பெயர் தெரியாத மனைவிக்குப் போன கலியாணக் காட்

ஆயிரத்து நூற்றுச் சொச்ச வருடங்களுக்கு முன் செத்துப்போன ஓத்கார் பிரபுவின் மனைவி, ஒரு வியாழக்கிழமை காலை பத்தரைக்கு லண்டன் மோர்டனில் சந்திரவதனாவின் வீட்டு மணியை அடித்தாள். கையில் அவளைக் கூப்பிட்டு எழுதிய கலியாணக் காட். அன்று குப்பை எடுக்கும் நாள். கவுன்சில் ஆள் என்று நினைத்துத்தான் சந்திரவதனா கதவைத் திறந்தாள்.

பிழை சந்திரவதனாவினுடையது. மகள் தக்ஷிகா, ஒலிவர் என்ற வெள்ளைக்காரப் பெடியனைக் கட்டப்போகிறாள் என்றதும், பக்கத்துச் சட்டனில் இருக்கும் சந்திரவதனாவின் ஒரே அண்ணன் குகதாசன் கோபத்தில் துள்ளிக் குதித்தார். “ஆரின்ரை ஆக்கள், என்ன வம்சம் எண்டு தெரியாமல் நான் மணவறைப் பக்கமும் வரமாட்டன்!” தாய்மாமன் இல்லாத கலியாணத்தை எந்த முகத்தோடு நடத்துவது? சந்திரவதனா இரண்டு கிழமை ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஒலிவர், பாவம், நல்ல பிள்ளை, தன் குடும்பத்தின் வம்ச வரைபடத்தையே கொண்டுவந்து கொடுத்தான். முப்பத்தெட்டுத் தலைமுறை. உச்சியில் ஒன்பதாம் நூற்றாண்டு ஓத்கார் பிரபு. பக்கத்தில், ‘மனைவி, பெயர் தெரியவில்லை.’ ஒரு சொந்தத்துக்குச் சொல்லாமல் விட்டால் பிறகு செத்தவீட்டுக்கும் வரமாட்டார்கள் என்ற பயத்திலேயே வளர்ந்தவள் சந்திரவதனா. ஷிப்ட் முடிந்து வந்த களைப்பில் வரைபடத்தைப் பார்த்து ஒருவர் விடாமல் காட் எழுதி, முத்திரை ஒட்டிப் போட்டுவிட்டாள். பெயர் தெரிந்தவர்களுக்கெல்லாம் வேறு அலுவல் இருந்திருக்கும். பெயர் தெரியாதவள் மட்டும் வந்தாள். அவளை அதுவரை ஒருவரும் ஒன்றுக்கும் கூப்பிட்டதில்லை.

வந்தவள் ஈரக் கம்பளி அங்கியை வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டரில் காயப்போட்டுவிட்டு இடியப்பமும் சொதியும் சாப்பிட்டாள். மூன்று நாள் இந்திய ரி.வி. சீரியல் பார்த்துத் தமிழைப் பிடித்துக்கொண்டாள். ஓம் என்று சொல்லவேண்டிய இடத்தில் ஆமா என்றாள், அது ஒன்றுதான் குறை. தன் பெயர் மட்டும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குகதாசன் விசாரிக்க வந்தார். தன் அப்பா, அவருடைய அப்பா என்று ஏழு தலைமுறை ஆம்பிளைகளின் பெயரை மூச்சுவிடாமல் ஒப்புவித்துவிட்டு, “பேர் இல்லாத மனுசியின்ரை வழியில என்னண்டு சம்பந்தம் செய்யிறது?” என்றார்.

“ஆமாங்க, எனக்குப் பேர் இல்ல,” என்றாள் பிரபுவின் மனைவி. “உங்க அம்மாவோட அம்மாவோட அம்மா பேர் என்னங்க?”

வாயைத் திறந்த குகதாசன் தங்கையைப் பார்த்தார்.

“எனக்கும் தெரியாது அண்ணை,” என்றாள் சந்திரவதனா. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

குகதாசன் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். கலியாணம் குழம்பிவிட்டது என்று சந்திரவதனா படிக்கட்டில் இருந்து அழுதாள். செவ்வாய்க்கிழமை குகதாசனின் போன் வந்தது. “காட் ஒண்டு மிச்சம் கிடக்கே? அம்மம்மாவின்ரை அம்மாவுக்கு.”

கலியாணத்தன்று குகதாசன் பட்டு வேட்டி சால்வையோடு எல்லாருக்கும் முதல் வந்து நின்றார். மண்டபத்தின் முன்வரிசையில் பிரபுவின் மனைவிக்குப் பக்கத்தில், நூல் சேலை கட்டிய ஒரு மெலிந்த பெண் கலியாணக் காட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். சந்திரவதனாவின் அதே மூக்கு. குகதாசன் போய்க் குனிந்தார்.

“அம்மா, உங்கட பேர் என்ன?”

“வள்ளிப்பிள்ளை.”

அண்ணனும் தங்கையும் அந்தப் பெயரை ஒருதரம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார்கள். முகூர்த்தம் போகுது என்று ஐயர் கூப்பிட்டார்.