சாம்பியனின் பின்னங்கால்கள்

விடிந்ததிலிருந்து அடுப்பில் ஈரல் வெந்துகொண்டிருந்தது. நாய்க் கண்காட்சி இருக்கிற நாளென்றால் அந்த வீட்டில் முதலில் வேகுவது அதுதான். வெந்ததைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, பாதியைப் பேன்ட் பையிலும் மீதியைத் தன் கன்னத்துக்குள்ளும் அடக்கிக்கொண்டு மருமகள் நாயோடு களத்தில் ஓட வேண்டும். நாயின் பார்வை சிதறும்போதெல்லாம் வாயிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் காட்ட வேண்டும். வீடு திரும்பி எத்தனை முறை பல் தேய்த்தாலும் அந்த வாடை நாக்குக்கு அடியில் எங்கேயோ பதுங்கிக் கிடக்கும்.

கல்லூரி நாட்களில் அவள் ஓட்டப் பந்தயக்காரி. கல்யாணப் பேச்சு எடுத்தபோது மாமனார் அவள் படிப்பைக் கேட்கவில்லை, சமையலைக் கேட்கவில்லை. "இன்னும் ஓடுவியாம்மா?" என்றுதான் கேட்டார். மனுஷன் பையனுக்குப் பெண் தேடினாரா, நாய்க்கு ஆள் தேடினாரா என்று சொந்தக்காரர்கள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தவள்தான்.

மாமனார் ஜெர்மன் ஷெப்பர்ட் வளர்த்தே பேர் வாங்கியவர். நாய் வளர்ப்போர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். அவருடையது ஷோ லைன். கண்காட்சியில் பரிசு வாங்குவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கிச் சேர்த்துப் பெருக்கிய வம்சம். பளபளக்கும் ரோமம், கம்பீரமான தலை, தோளில் தொடங்கி வால்வரை சறுக்குமரம்போல இறங்கும் முதுகு. காவலுக்கும் தேடுதலுக்கும் வளர்க்கிற ஒர்க்கிங் லைன் நாய்களை அவர் கண்ணில் காட்டக் கூடாது. "அதெல்லாம் ஷெப்பர்டா? ஓநாய்க்கும் தெருநாய்க்கும் பொறந்தது!" என்பார். அந்த வகையை வளர்ப்பது மருமகளின் கூடப்பிறந்த அண்ணன் என்று தெரிந்தேதான், அவள் காதுபடச் சொல்வார்.

அவர் வளர்த்ததிலேயே உச்சம் பஞ்சு. சங்கத் தலைவர் தன் நாயைப் போட்டிக்கு நிறுத்தக் கூடாது என்றொரு விதி இருந்ததால், பஞ்சுவை மருமகள் பெயரில் பதிந்து வைத்திருந்தார். பேர்தான் அவளுடையது. பெருமை முழுக்க அவருடையது.

அன்றைக்குக் களத்தில் நல்ல கூட்டம். நடுவர் கையசைத்ததும் நாய்கள் வட்டமாக ஓடத் தொடங்கின. கயிற்றுக்கு வெளியே மாமனார் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு, தொப்பை ஆட ஆட, "பஞ்சு! இங்க பாருடா தங்கம்!" என்று கத்தியபடி கூடவே ஓடினார். மற்ற நாய்க்காரர்களும் சும்மா இல்லை. ஒருவர் விசில் அடித்தார், ஒருவர் ரப்பர் பொம்மையைப் பிதுக்கினார், இன்னொருவர் உயிரோடு ஒரு கோழியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஓடினார். வயசான மனுஷர்கள் இப்படி நாக்குத் தள்ள ஓடுவதை அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். அன்றைக்குப் பார்க்கப் பிடிக்காமல் பார்வையைப் பஞ்சுவின் கால்களுக்குத் திருப்பினாள்.

பஞ்சுவின் முன்னங்கால்கள் அழகாகவே நீண்டன. பின்னங்கால்கள்தான், குதிகால் தரையில் படுகிற அளவுக்கு மடிந்து, ஒன்றோடொன்று உரசிக்கொண்டு முன்னங்கால்களின் பின்னால் இழுபட்டு வந்தன. நகம் தரையைச் சுரண்டும் சத்தம் அவளுக்குக் கேட்டது. அடுத்த சுற்றில் கையிலிருந்த வார் கனத்தது. நாய் ஓடவில்லை, வாரில் தொங்கிக்கொண்டு வந்தது. குனிந்து பார்த்தாள். காலையில் அவளே வெள்ளைப் பொடி பூசிய நாயின் பின்னங்கால் விரல்கள் ரத்தத்தில் சிவந்திருந்தன.

அவள் நின்றுவிட்டாள். நின்ற மாத்திரத்தில் பஞ்சு பொத்தென்று உட்கார்ந்தது. நடுவர் அவர்களை நோக்கி வந்தார். சரி, வெளியே போகச் சொல்லப்போகிறார் என்று அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

நடுவர் மைக்கை வாங்கினார். "பாருங்க, சுத்தி இவ்வளவு சத்தம், இவன் எவ்வளவு அமைதியா உக்காந்திருக்கான்! இந்த நிதானம் சொல்லிக் குடுத்து வராது, ரத்தத்துல வரணும்" என்றார். முதல் பரிசு பஞ்சுவுக்கு.

கைத்தட்டலுக்கு நடுவே அவள் வாயிலிருந்த ஈரலை அப்படியே தரையில் துப்பினாள்.

மாமனார் ஓடிவந்து நாயின் வாயில் முத்தம் கொடுத்தார். கண்ணில் தண்ணீர். பிறகு போட்டோவுக்காகப் பஞ்சுவின் ஒரு பின்னங்காலைப் பிடித்து இழுத்து, பின்னால் நீட்டி நிறுத்தினார். கால் நடுங்கியது. "அந்த ரத்தத்தை ஈரத்துணியால ஒத்தி எடுத்துடும்மா, போட்டோவுல தெரியும்" என்றார்.

திரும்பும்போது வண்டியில் ஏற முடியாமல் சாம்பியன் நின்ற இடத்திலேயே மூத்திரம் பெய்தது. இரண்டு ஆட்கள் தூக்கிப் போட்டார்கள்.

மருமகள் பிடிவாதம் பிடித்ததால்தான் மறுவாரம் மாமனார் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கால்நடை டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இடுப்பு மூட்டு கிண்ணத்துக்குள்ள பந்து மாதிரி உக்காரணும். இவனுக்குக் கிண்ணமே இல்லை, தட்டுதான் இருக்கு. தயவுசெஞ்சு இவன்கிட்ட குட்டி எடுக்காதீங்க" என்றாள்.

வெளியே வந்ததும் மாமனார், "அந்தம்மாவுக்குப் பூனைதான் பிடிக்கும்" என்றார். வண்டியில் கொஞ்ச தூரம் போனதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உங்க அண்ணன்கிட்ட ஒரு பெட்டை இருக்காமே? முதுகு நேரா, இடுப்பு கல்லு மாதிரி?"

"உங்களுக்குத்தான் அந்த வகையே ஆகாதே மாமா."

"ஆகாதுதான். ஆனா கொஞ்சம் அந்த ரத்தம் கலந்தா இடுப்பு நிமிர்ந்துக்கும். ரெண்டு தலைமுறையில சாய்வைத் திரும்பக் கொண்டாந்துடலாம். வெளிய மூச்சு விடாதே. நீ போய்ப் பேசு, அண்ணன்தானே."

ஓநாய்க்குப் பிறந்தது என்று வாய் கூசாமல் சொன்னவர் இப்போது அதே வீட்டுக்குப் புறவாசல் வழியாக ஆள் அனுப்புகிறார். ஆனாலும் போனாள். பஞ்சு மாதிரி இல்லாத ஒரு நாயைக் கண்ணால் பார்த்தாலே போதும் என்றிருந்தது.

அண்ணன் வீட்டுப் பின்புறத்துத் திடலில் நாய்கள் அம்பாகப் பாய்ந்தன. ஆள் உயர மரச்சுவரை ஒரே எட்டில் தாண்டின. நேரான முதுகு, உறுதியான கால். பார்க்கப் பார்க்க அவளுக்கு மனசு நிறைந்தது. அந்த நிறைவு கொட்டகைக்குள் நுழைகிற வரைக்கும்தான்.

உள்ளே ஒரு கூண்டில் அந்தப் பெட்டை சுற்றிக்கொண்டிருந்தது. ஒரே பக்கமாக, ஒரே வேகத்தில், நிற்காமல் சுற்றியது. கடித்துக் கடித்து வால் நுனியில் தோல் இல்லை. கூண்டுச் சுவரெல்லாம் இடுப்பு உயரத்துக்கு ரத்தக் கோடு.

"எப்பவும் இப்படியா?"

"அவிழ்த்து விட்டு வேலை குடுத்தா சுத்தாது" என்றான் அண்ணன் பெருமையாக. "வெறி பாப்பா, வேலை வெறி! இவ அப்பன், தாத்தன் எல்லாமே இப்படித்தான். இதுக்காகத்தானே பொறுக்கிப் பொறுக்கி சேர்த்தேன். இவளுக்கு நிறுத்துற பொத்தானே கிடையாது."

அண்ணி தேநீர் கொண்டுவந்தாள். முன்னங்கையில் மணிக்கட்டு முதல் முழங்கை வரை தையல் போட்ட தழும்பு, இன்னும் சிவப்பு ஆறவில்லை.

"என்ன அண்ணி இது?"

அண்ணி வாயைத் திறப்பதற்குள் அண்ணன் சிரித்தான். "அவ தப்பு. பந்து போற வழியில குறுக்கே வந்துட்டா. ஒரு கடிதான், ஆனா இந்தப் பெட்டை எப்படிப் பிடிச்சா தெரியுமா, வாய் நிறையப் பிடிச்சா! அந்தப் பிடியைப் பார்த்துட்டு மூணு பேர் குட்டி கேட்டுட்டாங்க."

அண்ணி தேநீரை வைத்துவிட்டு, அவிழ்த்துவிட்ட நாய் ஏதும் இல்லையே என்று வாசலை எட்டிப் பார்த்த பிறகே வெளியே போனாள். சொந்த வீட்டில் திருடிபோல நடந்தாள்.

மருமகள் வந்த விஷயத்தைச் சொன்னாள். அண்ணனுக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது. "பெரியவர் கடைசியில வழிக்கு வந்தாரா! தாராளமா சேர்க்கலாம். அவர் நாயோட நிறமும் தலையும் என் வம்சத்துக்கு வந்தா பணக்காரனும் வாங்குவான்."

"அங்க காலு இல்லை, இங்க தூக்கம் இல்லை. ரெண்டையும் கலந்தா என்னண்ணா பொறக்கும்?"

"பாதி அப்படி, பாதி இப்படி வரும். தேறுனதை நாங்க ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கறோம்."

"தேறாதது?"

அண்ணன் ஈ ஓட்டுவதுபோலக் கையை வீசினான். "நாய்க்கார வீட்டு மருமக கேக்கற கேள்வியா இது? உங்க மாமனார் வீட்டுல மட்டும் என்ன, பொறந்தது எல்லாமே உயிரோட இருக்குன்னு நினைச்சியா?"

தேநீரை அப்படியே வைத்துவிட்டு அவள் எழுந்தாள். இரண்டு வீடும் ஒன்றையொன்று காறித் துப்பிக்கொண்டே ஒரே சாக்கடையில் கை நனைக்கின்றன என்று பட்டது. அந்தச் சாக்கடையின் ஓரமாகத் தானும் வாயில் ஈரலோடு இத்தனை நாள் ஓடியிருக்கிறோம் என்பதுதான் அவளை அதிகம் அருவருக்க வைத்தது.

மறுநாள் காலை, மாமனார் சங்கக் கூட்டத்துக்குக் கிளம்பிப் போனதும், பஞ்சுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு நேராக டாக்டரம்மாவிடம் போனாள்.

"இவனுக்கு விதையை எடுத்துடுங்க டாக்டர்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினாள். "உங்க மாமனாருக்குத் தெரியுமா?"

"நாய் என் பேர்ல இருக்கு."

"நல்லா யோசிச்சீங்களா? பெரிய ரகளை ஆகும்."

"நானும் இவனும் ஓடினதெல்லாம் போதும் டாக்டர். நீங்க ஆரம்பிங்க."

சாயங்காலம் மாமனார் வந்து பஞ்சுவின் வாலைத் தூக்கிப் பார்த்தார். அங்கேயே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, வீட்டில் சாவு விழுந்ததுபோல மாரில் அடித்துக்கொண்டு அழுதார். "என் வம்சத்தையே அறுத்துட்டாளே!" என்றார். அவருடைய சொந்த மகன், அதாவது அவள் புருஷன், பக்கத்தில் குத்துக்கல்லாக நின்றுகொண்டிருந்தான். அப்பா எந்த வம்சத்தைச் சொல்கிறார் என்பது அவனுக்கும் புரியாமல் இல்லை.

"என்கிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றான் அவளிடம்.

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

அவன் குனிந்து அப்பாவைத் தூக்கிவிடப் போனான்.

"இந்த முடவனையும் கூட்டிக்கிட்டு வெளிய போ!" என்றார் மாமனார். சாம்பியன் ஒரே நாளில் முடவன் ஆகிவிட்டான். அவள் துணிமணியோடு பஞ்சுவையும் ஏற்றிக்கொண்டு போய் இரண்டு அறை வாடகை வீடு ஒன்றில் இறங்கினாள். சில நாள் கழித்துப் புருஷனும் பெட்டியோடு வாசலில் வந்து நின்றான். ஏன் வந்தாய் என்று அவள் கேட்கவில்லை. உள்ளே வா என்றும் சொல்லவில்லை. கதவை மட்டும் திறந்து வைத்தாள்.

அவள் செய்ததால் உலகம் ஒன்றும் திருந்திவிடவில்லை. மாமனார் வீட்டிலேயே இருந்த பஞ்சுவின் தம்பி நாய்க்கும் அதே சறுக்குமர முதுகுதான். அதை வேறொரு சொந்தக்காரர் பேரில் பதிந்து, சம்பளத்துக்கு ஓர் ஆளை வைத்து ஓடவிட்டு அடுத்த கண்காட்சியிலேயே மாமனார் கோப்பை வாங்கிவிட்டார். அண்ணன் வீட்டுப் பெட்டைக்கும் அந்தத் தம்பி நாய்க்கும் குட்டிகள் பிறந்துவிட்டதாகக் கேள்வி. எத்தனை தேறியது என்று யாரும் சொல்லவில்லை. அண்ணனும் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டான். அண்ணி மட்டும் எப்போதாவது போன் போட்டு, பஞ்சு எப்படி இருக்கான் என்று கேட்டுவிட்டு வைப்பாள்.

இப்போது பஞ்சுவால் பத்தடி சேர்ந்தாற்போல் நடக்க முடியாது. தினமும் காலையில் அவள் ஒரு பெரிய துண்டை அதன் வயிற்றுக்கு அடியில் கொடுத்து, இரண்டு முனையையும் சேர்த்துத் தூக்கிப் பிடித்தபடி தெருக்கோடி வரை நடத்திக் கூட்டிப் போவாள். முன்னங்கால்கள் நடக்கும், பின்பாதியை அவள் சுமப்பாள்.

ஒருநாள் ஸ்கூட்டரில் போன ஒருவர் பிரேக் போட்டு நின்றார்.

"ஷோ லைன்தானே மேடம்? அந்த முதுகைப் பார்த்தாலே தெரியுது. என்ன ஒரு சாய்வு! குட்டி கிடைக்குமா?"

தோள்பட்டை வலித்ததால் அவள் துண்டை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "இந்தத் துண்டு எதுக்குன்னு கேக்க மாட்டீங்களா?"

அவர் அப்போதுதான் அதைப் பார்த்தார். "ஓ, குளிப்பாட்டக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்றார் சிரித்தபடி.