பரமலிங்கத்தின் சம்மதம்

சட்டத்தரணி தர்சினி கேட்ட கேள்விகளுக்கெல்லாம் சின்னத்தங்கம் மாமி சரியாகவே பதில் சொன்னார்.

"இண்டைக்கு என்ன கிழமை, அம்மா?"

"செவ்வாய். தெரியாட்டித் திரும்பிப் பாரும், கலண்டர் தொங்குது."

"இந்தப் பேப்பரிலை என்ன எழுதப்போறம்?"

"அற்றோணித் தத்துவம். என்ரை வங்கிப் புத்தகம், பென்சன், சுன்னாகத்துக் காணி, மூண்டையும் எனக்காக இவள் பாக்கலாம் எண்டு. முப்பது வருசம் தபாற்கந்தோரிலை இருந்தனான், பிள்ளை. பேப்பருக்குப் பயந்த ஆள் இல்லை நான்."

பக்கத்தில் இருந்த பிரதீபா மெல்ல மூச்சு விட்டாள். அன்று காலையில் இதே வாய்தான், தம்பிராசா சாப்பிட்டவனோ என்று மூன்று தரம் கேட்டது. தம்பிராசா மாமியின் தம்பி, பிரதீபாவின் அப்பா. செத்து ஒன்பது வருடம். சில நாள் மாமி முழுதாக இருப்பார். சில நாள் இருக்கமாட்டார். எழுத வேண்டியதை இப்போதே எழுதிவிடுங்கள் என்று வைத்தியர் சொல்லியிருந்தார்.

மாசியில் கிணற்றடியில் விழுந்ததிலிருந்து மாமியை ஓட்டோவில் ஏற்றித்தான் வங்கிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. வங்கி அலுவலர் படிவத்தோடு வாசலுக்கு வந்து, ஓட்டோவுக்குள் வைத்தே கையெழுத்து வாங்கினார். போன மாதம், இனி இப்படிச் செய்ய ஏலாது என்று சொல்லிவிட்டார். பிரதீபாவுக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞர் வேலை. எடுக்க இனி லீவு இல்லை. காணியில் பின்பக்கத் துண்டை விற்றால் மாமியைப் பார்க்கப் பகலுக்கு ஓர் ஆளைப் பிடிக்கலாம். இல்லாவிட்டால் அவள்தான் வேலையை விட வேண்டும்.

"உங்கடை கணவர்?" என்று தர்சினி கேட்டாள்.

"செத்துப்போனார். எண்பத்திமூண்டு, ஆடி. கொழும்பிலை."

தர்சினியின் குரல் இறங்கியது. "மரணச் சான்றிதழ் இருக்கோ, அம்மா?"

"அந்த நேரம் ஆர் தந்தவை?"

"அது சரி. எத்தினையோ பேருக்கு இல்லை." தர்சினி பிரதீபாவின் பக்கம் திரும்பினாள். "இது அம்மாவின்ரை சீதனக் காணி. எங்கடை தேசவழமைச் சட்டத்திலை, கலியாணம் முடிச்ச பொம்பிளை தன்ரை காணியை விக்கிறதெண்டாலும் புருசன்ரை சம்மதம் எழுத்திலை வேணும். அவர் இல்லையெண்டால் இல்லை எண்டதுக்கு அத்தாட்சி வேணும். நீங்கள் ஒரு சத்தியக்கடதாசி முடியுங்கோ, அக்கா. ஊர் விதானையாரும் ஒரு கடிதம் தருவார். காணும்."

பிரதீபா எழுந்தாள். "ஒருக்கா வெளியிலை வாங்கோ."

கதவடியில் நின்று சொன்னாள்: "அவர் உயிரோடை இருக்கிறார். நெல்லியடியிலை."

அந்த ஆடியில் மாமியின் கணவர் பரமலிங்கம் கொழும்பிலிருந்து அகதிக் கப்பலில் வந்து இறங்கினார். கூடவே இன்னொரு பெண்ணும் இறங்கினாள். செய்தி வீட்டுக்கு வந்த அன்றே மாமியின் தகப்பனார், மருமகன் கலவரத்தில் செத்துப்போனார் என்று ஊருக்குச் சொன்னார். முப்பத்தோராம் நாள் கீரிமலைக் கடற்கரைக்குப் போய், செத்தவருக்குச் செய்யும் அந்தியேட்டியை முடித்தார்கள். கிரியை செய்தது தம்பிராசா. உடல் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அந்த வருடம் அப்படிக் கேட்கும் வழக்கம் இல்லை. தான் செத்த கதை பரமலிங்கத்துக்கும் எட்டியது. அவர் மறுக்கவில்லை. மாமி பொட்டை அழித்தார். அதற்குப் பிறகு நிரப்பிய படிவங்களிலெல்லாம் விதவை என்றே எழுதினார். வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பிரதீபாவுக்குப் பதினைந்து வயதில் தெரிந்தது. தெரிந்ததாக அவள் காட்டிக்கொள்ளவில்லை.

தர்சினி சொன்னாள்: "நல்லகாலம், அக்கா, சத்தியக்கடதாசி முடிக்கமுந்திச் சொன்னியள். அப்ப ரெண்டு வழி. அவர் இஞ்சை வந்து கையெழுத்து வைக்கவேணும். இல்லாட்டி, விட்டிட்டுப் போனவர் எண்டு கோட்டிலை மனுப் போட்டு, அவரின்ரை சம்மதத்துக்குப் பதிலாக் கோட்டின்ரை சம்மதத்தை எடுக்கலாம். ஆறு மாசமும் ஆகும், எட்டு மாசமும் ஆகும்." அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். "ஆறு மாசம் கழிச்சும் அம்மா உப்பிடி மறுமொழி சொல்லுவாவோ?"

மறுநாள் பின்னேரம் பிரதீபா நெல்லியடிக்கு பஸ் ஏறினாள்.

பரமலிங்கம் சந்தைக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருந்தார். கூட வந்தவள் போன வருடம் செத்துவிட்டாளாம். முற்றத்து மாமரத்தில் கண்ணாடியை மாட்டி, முகத்தில் பாதி நுரையோடு நின்றார்.

"தம்பிராசாவின்ரை மேளோ?" என்றார். "நெத்தி அவன்ரை நெத்தி."

முறைக்கு அவர் மாமா. அந்தச் சொல் அவளுக்கு வாயில் வரவில்லை. ஒன்றும் கூப்பிடாமலே விஷயத்தைச் சொன்னாள்.

"செத்தவன் வைச்ச கையெழுத்து செல்லுமோ?" அவரே சிரித்தார்.

"உயிரோடை இருக்கிறியள் எண்டு லோயருக்குச் சொல்லிப்போட்டன்."

"அவவுக்கு?"

"இன்னும் சொல்லேல்லை."

அவர் மிச்ச நுரையைத் துவாயால் துடைத்தார். "என்ரை அந்தியேட்டியை உங்கடை ஆக்கள் ஒரு குறையும் இல்லாமல் செய்தவையாம். கேள்விப்பட்டனான். சாப்பாட்டுக்கு அம்பது பேராம்." கண்ணாடியை மரத்திலிருந்து கழற்றினார். "வாறன். வெள்ளிக்கிழமை மட்டும் ஏலாது, பிள்ளை, கிளினிக்."

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. பிரதீபா சண்டைக்குத் தயாராகப் போயிருந்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் நித்திரையாகிவிட்டாள்.

மாமியிடம் சொல்ல இரவு இரண்டு தரம் வாயெடுத்தாள். சொல்லவில்லை. நாளைக்கு ஒரு சாட்சி வருவார் என்று மட்டும் சொன்னாள்.

வியாழக்கிழமை பரமலிங்கம் தர்சினியின் அலுவலகத்துக்கு அவர்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். மாமியைக் கண்டதும் கதிரையைப் பிடித்தபடி எழுந்து நின்றார். மாமி அவரை அடியிலிருந்து முடிவரை ஒருமுறை பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார்.

"அம்மா, இவரைத் தெரியுமோ?" என்று தர்சினி கேட்டாள்.

"இல்லை."

"வடிவாய்ப் பாருங்கோ."

"பாத்தாச்சு. ஆர் இந்தக் கிழவன்? உம்மிட்டைக் காணி எழுத வந்ததோ?"

"தங்கம், நான்தான்," என்றார் பரமலிங்கம்.

மாமி தர்சினியையே பார்த்துப் பேசினார். "என்ரை மனிசன் எண்பத்திமூண்டிலை செத்தது, பிள்ளை. கீரிமலையிலை அந்தியேட்டி. ஐயருக்கு வேட்டி சால்வை குடுத்தனாங்கள். நீர் வேறை ஆரையோ கூட்டிக்கொண்டு வந்திட்டீர்."

"இண்டைக்கு என்ன கிழமை?"

"வியாழன்."

தர்சினி பேனையை மூடினாள். "அக்கா, குறை நினைக்காதேங்கோ. கட்டின மனிசனைத் தெரியேல்லை எண்ட ஆளிட்டை நான் எப்பிடிக் கையெழுத்து வாங்கிறது? நாளைக்கு ஆரும் கேட்டால் நான் மறுமொழி சொல்லவேணும்."

பரமலிங்கம் எல்லோரையும் பார்த்தார். "அப்ப நான் போகட்டோ?" என்றார். அவர் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

வரும் வழியில் ரயில் கடவை மூடியிருந்தது. ஓட்டோக்காரர் இயந்திரத்தை நிறுத்தினார். இன்னும் எத்தனை நாளில் வேலையை விடுவதாகக் கடிதம் கொடுக்க வேண்டிவரும் என்று பிரதீபா யோசித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாய் மெலிஞ்சு போனார்," என்றார் மாமி.

"ஆர், மாமி?"

"ஆரோ. உனக்குத் தெரியாதாக்கும்." மாமி வெளியே பார்த்துக்கொண்டே பேசினார். "இடப்பக்கத் தாடையிலை மயிர் அப்பிடியே கிடக்கு. அந்த நாளையிலையும் ஒழுங்காய்ச் சவரம் எடுக்கத் தெரியாது."

பிரதீபாவுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. "தெரிஞ்சு கொண்டே தெரியாதெண்டனீங்கள்? எனக்கு வேலை போகப்போகுது, மாமி."

"அவர் சம்மதம் எண்டு கையெழுத்து வைச்சால் அவர் புருசன். அப்ப நாப்பது வருசமாய் நான் ஆர்?"

மாமி ஏலாத காலைத் தடவிக்கொண்டார்.

"கதவடியிலை அந்த லோயர்ப் பெட்டை சொன்னது எனக்குக் கேட்டது. காலுக்குத்தான் ஏலாது, காதுக்கு என்ன? கோட்டிலை போடு. விட்டிட்டுப் போனவர் எண்டு எழுது. ஊர் அறிஞ்சால் அறியட்டும், அது உண்மை. அவர் சம்மதம் தந்தவர் எண்டு மட்டும் ஒரு கடுதாசியிலையும் வரக்கூடாது."

"ஆறு மாசம் செல்லும், மாமி."

"செல்லட்டும். நான் ஞாபகமாய் இருப்பன். நாளைக்கு அந்தப் பெட்டையிட்டை வந்து, தெரிஞ்சு கொண்டுதான் தெரியாதெண்டனான் எண்டு என்ரை வாயாலை சொல்லுறன்."

ரயில் போனது. கடவை திறக்கக் கொஞ்சம் நேரமெடுத்தது. மாமி கைப்பையைத் திறந்து எதையோ தேடி, மூடினார்.

"தம்பிராசா சாப்பிட்டவனோ?"

பிரதீபா அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஓம், மாமி. சாப்பிட்டார்."

பின்னால் நின்ற வாகனங்கள் ஹோர்ன் அடித்தன. ஓட்டோக்காரர் இயந்திரத்தை முடுக்கினார்.

"அண்ணை, திருப்புங்கோ," என்றாள் பிரதீபா. "லோயரிட்டை. நாளைக்கு வேண்டாம், இப்பவே."