தொங்கிய மஞ்சள் வயர்

மாமியாருக்கு எதுவும் தொங்கக் கூடாது. ஜன்னல் திரையின் நுனி தொங்கினால்கூட மடித்துச் சொருகிவிட்டுத்தான் நகர்வார். துடைப்பம் கதவிடுக்கில், சீப்பு கொண்டையில், முன்ஹாலின் சாவி இடுப்பில் என்று அவர் கணக்கில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொருகுமிடம் உண்டு. அந்தச் சாவியின் மேல்தான் மருமகளுக்குக் கண்.

சும்மா கிடந்த அந்த ஹாலில் ஒரு கம்ப்யூட்டர் கேம் சென்டர் வைக்க வேண்டும் என்று கல்யாணமான புதிதிலிருந்தே அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு கம்பெனியில் நெட்வொர்க் வேலை பார்த்தவள். கம்பெனியை இழுத்து மூடியபோது அங்கிருந்த பழைய கணினிகளை அடிமாட்டு விலைக்கு வாங்கிப் போட்டிருந்தாள். மாமியாரோ பிடி கொடுக்கவே இல்லை. இன்னொரு பக்கம் கட்டில் கடைக்காரர், சரக்கு அடுக்க ஹாலைக் கேட்டு நடையாய் நடந்துகொண்டிருந்தார். வெளியூரில் வேலை பார்க்கும் மகன் போனில் விடாமல் நச்சரித்த பிறகுதான் மாமியார் இறங்கி வந்தார்.

"ஞாயித்துக்கிழமை ஒரு நாள் நடத்திக் காட்டு. உருப்படியா நடந்தா ஹால் உனக்கு. சொதப்பிட்டா அன்னிக்கு சாயங்காலமே கட்டில் வந்து இறங்கும். அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

ஞாயிறு வந்தது. காலையிலிருந்து மருமகளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பக்கத்து ஆஸ்பத்திரி நர்ஸுகளும் எதிர் ஒர்க்‌ஷாப் மெக்கானிக்குகளும் மத்தியானம் கார் ரேஸில் மோதப் போகிறார்கள். இரண்டு பக்கமும் ஒரு வாரமாகவே வாய்ச்சவடால் பறந்துகொண்டிருந்தது. அவள் மேஜைகளுக்கு அடியில் தவழ்ந்து தவழ்ந்து வயர் இழுத்தாள். மாமியார் மேற்பார்வைக்கு வந்தார்.

"இந்த டப்பா என்னத்துக்கு?"

"இதுதான் ஸ்விட்ச், அத்தை."

"ஸ்விட்ச்னா அமுக்கணுமே. இதுல அமுக்க ஒண்ணையும் காணோமே."

மருமகள் சிரித்துவிட்டாள். "இந்த ஓட்டைக்கெல்லாம் போர்ட்னு பேரு. ஒவ்வொரு கம்ப்யூட்டர்லேர்ந்தும் ஒரு வயர் இதுக்கு வரும். ஒண்ணு இன்னொண்ணுகிட்ட ஏதாவது சொல்லணும்னா, இது வாங்கி சரியான ஆள்கிட்ட மட்டும் சேர்க்கும்."

"ஆள் எங்க இருக்குன்னு அதுக்குத் தெரியலைன்னா?"

"எல்லார்கிட்டயும் ஒரு தடவை கேட்டுப் பார்க்கும்."

"என்னை மாதிரின்னு சொல்லு. இன்டர்நெட் வேணாமா?"

"வெளியே போறதுக்குத்தான் ரூட்டரும் இன்டர்நெட்டும். இது வீட்டுக்குள்ளேயே பேசிக்கிறது."

எல்லாக் கணினிகளுக்கும் தனித்தனி ஐபி முகவரி கொடுத்தாள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சோதனைக்காக 'இருக்கிறாயா' என்று கேட்கும் பிங் அனுப்பினாள். பதில் டாண் டாண் என்று வந்தது. ஸ்விட்சில் பச்சை விளக்குகள் நிதானமாகக் கண்சிமிட்டின. கடைசிக் கணினி மட்டும் ரிப்பேருக்குப் போயிருந்தது. அதற்கான மஞ்சள் வயரின் ஒரு முனை ஸ்விட்சில் இருக்க, மறுமுனை மேஜையோரம் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் சந்தோஷமாக முகம் கழுவப் போனாள்.

திரும்பி வருவதற்குள் ஹால் நிரம்பிவிட்டது. கட்டில் கடைக்காரரும் அளவு டேப்போடு ஒரு நாற்காலியைப் பிடித்திருந்தார். நர்ஸுகளின் தலைவி மெக்கானிக்குகளைப் பார்த்து, "தோத்தா அழக் கூடாது, ஊசி போட்டுடுவேன்" என்றாள். ஒரே சிரிப்பு. மருமகள் போட்டியைத் தொடங்கிவைத்தாள்.

கார்கள் கிளம்பவே இல்லை. எல்லாத் திரைகளும் ஒரே நேரத்தில் உறைந்து நின்றன.

மருமகள் ஓடிப்போய்க் குனிந்தாள். ஸ்விட்சை அணைத்துப் போட்டாள். ஒரு நொடி உயிர் வந்தது. கார்கள் கொஞ்சம் நகர்ந்தன. மறுபடியும் அதே கதி. "பெட்ரோல் தீர்ந்துபோச்சு போல" என்றார் ஒரு மெக்கானிக். கட்டில் கடைக்காரர் எழுந்து சுவரோரம் டேப்பை இழுத்தார். அந்தச் சர்ரென்ற சத்தத்தில் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் விளக்குகளைக் கவனித்தாள். நிதானமாகச் சிமிட்டியவை எல்லாம் இப்போது பேய் பிடித்தாற்போல ஒன்றாகத் துடித்துக்கொண்டிருந்தன. அழுகை போன இடம் தெரியவில்லை. இது அவளுக்குத் தெரிந்த நோய். எங்கோ ஒரு வயர் வட்டமடிக்கிறது. ஸ்விட்ச் எல்லோரிடமும் கேட்ட கேள்வி சுற்றிவந்து அதன் காதிலேயே விழுகிறது. அதைப் புதுக் கேள்வி என்று எண்ணி மறுபடி எல்லோரிடமும் கேட்கிறது. ஓயாத கூச்சலில் கார் எங்கே ஓடும்?

குனிந்து வயர்களைத் தடவிக்கொண்டே போனாள். மஞ்சள் வயரின் இரண்டு முனைகளும் ஸ்விட்சிலேயே இருந்தன. தொங்கிய முனையை யாரோ காலிப் போர்ட்டில் அழகாகச் சொருகிவைத்திருந்தார்கள். யார் என்று கேட்கவா வேண்டும்?

நிமிர்ந்தாள். மாமியார் அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டமே பார்த்துக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தால் போதும், பழி இறங்கிவிடும். ஆனால் அத்தனை பேர் முன்னால் தலைகுனிந்த மாமியார் அந்தச் சாவியை இந்த ஜென்மத்தில் தர மாட்டார். அதைவிட, அந்த முகத்தில் தெரிந்த கலக்கம் அவளுக்குத் தாங்கவில்லை. முனையைப் பிடுங்கினாள்.

"ஒரு வயர் இடம் மாறிடுச்சு. என் வேலைதான், நான்தான் பார்த்திருக்கணும். இப்போ ஓட்டுங்க."

விளக்குகள் அடங்கின. கார்கள் சீறிக்கொண்டு பாய்ந்தன. ஹால் அதிர்ந்தது, நர்ஸுகள் கத்திய கத்தலில் தெருவே எட்டிப் பார்த்தது. ஊசிக்குப் பயந்தோ என்னவோ மெக்கானிக்குகள் மண்ணைக் கவ்வினார்கள். உடனே இன்னொரு ஆட்டம் வேண்டும் என்று அடம்பிடித்தார்கள். மருமகளுக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்தே வந்தன.

மாமியார் அவளருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"நான் சொருகினதுதானே?"

"ஆமா, அத்தை."

"தொங்கிட்டு இருந்துச்சு. ஓட்டையும் சும்மா இருந்துச்சு."

"தெரியும், அத்தை."

மாமியார் திரும்பினார். கட்டில் கடைக்காரரிடம், "டேப்பைச் சுருட்டுங்க தம்பி, புள்ளைங்க காலைத் தடுக்குது" என்றார். தன் இடுப்பிலிருந்த சாவியை உருவி மருமகளின் இடுப்பில் சொருகினார். இறுகச் சொருகியிருக்கிறதா என்று ஒரு முறை இழுத்தும் பார்த்துக்கொண்டார்.