மூன்று தோப்புக்கரணம்

பாலசுப்ரமணியன் யார் மேலாவது பொறாமைப்பட வேண்டுமென்றால் பெங்களூர் பொம்மனஹள்ளியில் ஆளுக்கா பஞ்சம்? ஆபீஸில் அவனுக்குப் பின்னால் சேர்ந்து அவனுக்கு முன்னால் டீம் லீட் ஆகிவிட்ட ஹரிஷ் இருந்தான். மேல் மாடியில், முப்பத்திரண்டு வயதிலேயே சொந்த ஃப்ளாட் வாங்கி, அதற்குக் குறுக்கும் நெடுக்குமாக விளக்குப் போட்டிருந்த தம்பதி இருந்தார்கள். அவர்களையெல்லாம் சும்மா விட்டுவிட்டு, மனிதன் போயும் போயும் பள்ளிக்கூட ஆட்டோக்காரர் மேல் பொறாமைப்பட்டான்.

ஆட்டோக்காரர் பெயர் சின்னப்பா. ஐம்பது வயதிருக்கும். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். பேச்சில் பாதிக்குப் பாதி கன்னடம் கலந்து வரும். காலை எட்டு மணிக்குத் தெருவில் வந்து இரண்டு தடவை ஹார்ன் அடிப்பார். எதிர் வீட்டு நோயலும் பாலுவின் மகள் தர்ஷினியும் ஓடிப் போய் ஏறிக்கொள்வார்கள்.

அந்த ஹார்ன் சத்தத்துக்கு முன்னால் பாலுவின் வீட்டில் நடப்பது ஒரு போர். மனைவி லாவண்யாவுக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை, ஆறரைக்கே கிளம்பிவிடுவாள். தர்ஷினியை நாலு தடவை எழுப்புவது, பல் தேய்க்க வைப்பது, தேய்த்ததாகப் பொய் சொன்னால் மறுபடி தேய்க்க வைப்பது, தோசை ஊட்டுவது, மூன்று வயதுக் கவின் அந்தத் தோசையைப் பிடுங்கினால் அவனுக்கு வேறொன்று ஊற்றுவது, எல்லாம் பாலுதான். இரட்டைச் சடை போட வீடியோ பார்த்துப் பழகியிருந்தான். இடது சடை எப்போதும் வலது சடையைவிட ஒரு விரல் மேலே நிற்கும். அதற்கு மட்டும் அவன் என்ன செய்தும் வழி கிடைக்கவில்லை.

இத்தனையும் செய்கிற அப்பனிடம் அந்தப் பெண் என்ன பேசினாள்? ஒன்றும் பேசவில்லை. அதுதான் அவன் வயிற்றெரிச்சல்.

வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற நாட்களில், சாயங்காலம் ஆட்டோ திரும்பி வரும்போது பால்கனியில் நின்று பார்ப்பான். தெருமுனையிலேயே தர்ஷினியின் குரல் கேட்கும். வண்டி நின்ற பிறகும் இறங்காமல் பேசுவாள். இறங்கிய பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசுவாள். சின்னப்பா கழுத்தை முழுக்கத் திருப்பி, "ஹௌதா?" என்பார். 'அப்படியா' என்பதற்குக் கன்னடம். அந்த ஒரு வார்த்தையை அவர் ஏதோ ஊரே கவிழ்ந்துவிட்ட மாதிரி சொல்வார். அவளுக்கு உடனே இன்னொரு கதை வந்துவிடும்.

அதே பெண் இரண்டு மாடி ஏறி வீட்டுக்குள் வந்ததும் வாய்க்குப் பூட்டு.

"இன்னைக்கு ஸ்கூல்ல என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல."

ஆறு வயதுக் குழந்தைக்கு எட்டு மணி நேரத்தில் ஒன்றுமே ஆகவில்லையாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கவின் அப்பா மடியில் ஏறி உட்கார்ந்து பட்டாணி தின்றுகொண்டிருந்தான். தர்ஷினி வந்து ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு அவன் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். பயல் வீடு அதிர அழுதான். அந்த வீட்டில் பாலு போட்டு வைத்த சட்டம் ஒன்று உண்டு. தப்பு செய்தவர், யாருக்குச் செய்தாரோ அவர் முன்னாலேயே காதைப் பிடித்து மூன்று தோப்புக்கரணம் போட வேண்டும். எண்ணுவது பாதிக்கப்பட்டவரின் உரிமை. கவின் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "ஒண்ணு, ரெண்டு, அஞ்சு" என்று எண்ணினான்.

"தம்பி என் மடியில உக்காந்தா உனக்கு என்னடா? பொறாமைப்படறது தப்பு கண்ணு," என்று பாலு பெரிய மனிதனாக உபதேசமும் செய்தான்.

அடுத்த நாள் சாயங்காலம் கேட்டருகே நின்றவனைப் பார்த்து சின்னப்பா சிரித்தார். "என்னா சார், பாப்பாவுக்கு மழைத்துளி வேஷமாமே? ஸ்டேஜ்ல நாலு வரி பேசணுமாம். பாப்பா வண்டியிலயே மனப்பாடம் பண்ணிடுச்சு சார், சூப்பரா சொல்லுது!"

பாலுவுக்கு மழைத்துளியும் தெரியாது, மேடையும் தெரியாது. "ஆமா ஆமா, சொன்னா," என்று சிரித்து வைத்தான். படி ஏறும்போது உடம்பெல்லாம் எரிந்தது. சடை போடுவது நான், சாக்ஸ் தேடுவது நான், காய்ச்சல் வந்தால் தூக்கிக்கொண்டு நடப்பது நான், நாலு வரி கேட்கிறது மட்டும் அந்த ஆளா?

அன்றைக்கே போன் செய்தான். "சின்னப்பாண்ணே, நாளையிலிருந்து வரவேணாம். நானே ஸ்கூட்டர்ல விட்டுடறேன்."

"சரி சார். பாப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

பாப்பாவிடம் சொன்னான். எப்படிச் சொன்னான் என்பதுதான் அழகு. "ஆட்டோ மாமாவுக்கு வேற பசங்க கெடச்சிட்டாங்களாம் கண்ணு. இனிமே உனக்கு வரமாட்டாராம்."

தர்ஷினி கையிலிருந்த பென்சிலைக் கடித்துக்கொண்டு தரையையே பார்த்தாள்.

"அந்த மனுஷன் மேல உங்களுக்கு என்னங்க காண்டு?" என்றாள் லாவண்யா.

"காண்டெல்லாம் ஒண்ணுமில்ல. அப்பா கூடப் போறது நல்லதுதானே?"

"போறது நல்லதுதான். நீங்க சொன்னது நல்லதில்ல," என்று சொல்லிவிட்டு அவள் துணி காயப்போடப் போய்விட்டாள்.

ஸ்கூட்டர் சவாரி ஆரம்பமானது. காலையில் கவினை நோயலின் அம்மாவிடம் விட்டுவிட்டுக் கிளம்புவான். மாலை மூன்றரைக்கு ஒரு மணி நேரம் காணாமல் போக மானேஜரிடம் கெஞ்சி அனுமதி வாங்கியிருந்தான். வழியெல்லாம் மகள் பேசப் பேசக் கேட்டுக்கொண்டு போவதாக மனதில் ஒரு படமே ஓட்டி வைத்திருந்தான். நடந்தது என்னவோ, அவன் தலையில் ஹெல்மெட், அவள் தலையில் ஹெல்மெட், நடுவில் ஓசூர் ரோட்டின் இரைச்சல். இறங்கினதும், "என்ன ஆச்சும்மா?" என்றால், "ஒண்ணுமில்ல." அவனும் சின்னப்பா மாதிரி கண்ணை விரித்து "ஹௌதா?" என்று சொல்லிப் பார்த்தான். ஒன்றுமில்லை என்பதற்குப் போய் ஹௌதா சொன்னால் குழந்தை என்ன செய்யும்? விநோதமாகப் பார்த்தாள்.

காலை எட்டு மணிக்கு ஹார்ன் மட்டும் இரண்டு தடவை கேட்கும், நோயலுக்காக. தர்ஷினியின் தலை தானாக ஜன்னல் பக்கம் திரும்பும். பிடித்த சடை பாலுவின் கையிலிருந்து நழுவும். அந்தத் தலையை நேராகத் திருப்பி வைக்கும் ஒவ்வொரு முறையும் அவனுக்கு அந்த ஹார்னைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது.

பத்தாவது நாள் சிக்னலில் நின்றபோது சின்னப்பாவின் ஆட்டோ பக்கத்திலேயே வந்து நின்றது. நோயல் தலையை வெளியே நீட்டி, "ஏய் தர்ஷினி!" என்று கத்தினான்.

தர்ஷினி ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினாள். "மாமா! ஏன் மாமா என்னைக் கூட்டிட்டுப் போக மாட்டேன்னு சொன்னீங்க?"

சின்னப்பா பாலுவைப் பார்த்தார். ஒரே ஒரு நொடிதான். பாலு சிக்னல் விளக்கை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

"என் தப்புதான் பாப்பா," என்றார் சின்னப்பா. "வண்டியில சீட்டு ஃபுல்லாயிடுச்சு. அப்பா கேட்டாரு, நான்தான் இல்லன்னுட்டேன்."

பச்சை விழுந்தது. ஆட்டோ முன்னால் போனது. நோயலுக்குப் பக்கத்தில் தர்ஷினி உட்காருகிற இடத்தில் ஒரு புத்தகப்பை மட்டும் தனியாக ஆடிக்கொண்டு போவதை இரண்டு பேரும் பார்த்தார்கள்.

தனக்காகப் பொய் சொல்லிக் காப்பாற்றிய மனிதன் மேல் நன்றி வர வேண்டும். பாலுவுக்கு வந்தது எரிச்சல்தான். இந்த ஆள் இதிலும் நம்மை ஜெயிக்கிறானே!

பள்ளி வாசலில் இறங்கினதும் தர்ஷினி முதல் தடவையாகத் தானே பேசினாள். "சீட்டு காலியாத்தானேப்பா இருந்துச்சு?"

"ம்."

"மாமா பொய் சொல்றார். அவருக்கு என்னைப் பிடிக்கல. இனிமே அவர் கூட பேச மாட்டேன்." பிறகு அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "குனி. ஒரு ரகசியம். என் பல்லு ஆடுதுப்பா. யாருக்கும் தெரியாது."

கீழ் வரிசை நடுப்பல். விரலை வைத்து ஆட்டிக் காட்டினாள். பாலுவுக்கு ஆகாயத்தில் பறப்பதுபோல் இருந்தது. எனக்கு! எனக்குத்தான் முதலில்! ஆபீஸில் அன்று ஹரிஷைப் பார்த்துக்கூடப் புன்னகை செய்தான். நடுவில் இரண்டொரு தடவை ஆட்டோவில் ஆடிய அந்தப் புத்தகப்பை ஞாபகம் வந்தது. வேலை இருக்கிறது என்று அதைத் தள்ளி வைத்தான்.

சாயங்காலம் கொய்யாக்காயைக் கடித்தபோது பல் விழுந்துவிட்டது. லாவண்யா வாய் கொப்பளிக்க வைத்தாள். கவின், "அக்கா ஒடஞ்சு போச்சு!" என்று அலறினான். பாலு உற்சாகமாகப் பல்லைக் கழுவி எடுத்துவந்தான்.

"வா கண்ணு, கூரை மேல வீசுவோம். அப்பதான் புதுப் பல்லு சீக்கிரம் மொளைக்கும். பக்கத்து வீட்டு ஷீட்டு மேல போடலாம்."

தர்ஷினி பல்லைக் கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள். "வேணாம்."

"ஏன்டா?"

"பல்லு விழுந்தா காட்டணும்னு மாமா சொல்லியிருக்கார். நோயல் பல்லு விழுந்தப்ப வண்டியை நிறுத்திட்டு எல்லாரும் கை தட்டினோம்." அவள் மூடிய கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். "எனக்கு யாரு தட்டுவாங்க? நான் ரொம்பப் பேசறேன்னுதானே மாமா என்னை வேணாம்னுட்டார்? நான் பேசாம வர்றேன்னு சொல்லுப்பா."

ரொம்பப் பேசுகிறேன் என்பதற்காக. பத்து நாளாக இந்தக் குழந்தை அதைத்தான் மனதில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் வாயைத் திறக்காமல் வந்திருக்கிறது.

பாலு உட்கார்ந்துவிட்டான். சும்மா இருந்தால் போதும், அவள் அவனுக்கே. இன்னும் நாலு நாள் அழுவாள், பிறகு மறந்துவிடுவாள், அடுத்த பல்லை அவனிடம்தான் காட்டுவாள். உண்மையைச் சொன்னால் நாளைக்கே ஆட்டோவில் ஏறிப் போய்விடுவாள். சமையலறை வாசலில் லாவண்யா கரண்டியோடு நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவனைப் பேச வைத்தது அவள் பார்வையில்லை. பல்லை வைத்துக்கொண்டு இறுக மூடியிருந்த அந்தச் சின்னக் கைதான்.

"மாமா உன்னை வேணாம்னு சொல்லவே இல்ல கண்ணு. நான்தான் வரவேணாம்னு போன் பண்ணேன்."

அவள் நிமிர்ந்தாள். "நீயா? ஏன்?"

"நீ எல்லாத்தையும் மாமாகிட்டயே சொல்ற. மழைத்துளி வேஷம்கூட அவருக்குத்தான் தெரியுது. எங்கிட்ட ஒண்ணுமில்லங்கற. எனக்குப் பொறாமையா இருந்துச்சு."

தர்ஷினி நெற்றியைச் சுருக்கினாள். "கவின் உன் மடியில உக்காந்தப்ப எனக்கு வந்துச்சே, அந்த மாதிரியா?"

"அதே மாதிரிதான்."

"கிள்ளணும் போல?"

"ஆமா."

அவள் அழவில்லை, கோபப்படவில்லை. நீதிபதி மாதிரி தலையை ஆட்டினாள். "அப்ப மூணு போடணும்."

பாலு எழுந்து காதைப் பிடித்தான்.

"இங்க இல்லப்பா. யாருக்குத் தப்பு பண்ணமோ அவங்க முன்னாடிதான். நீதானே சொன்னே?"

லாவண்யா சிரிப்பை அடக்கக் கரண்டியை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஹார்ன் இரண்டு தடவை கேட்டது. சடை பின்னி, சாக்ஸ் போட்டு, ஒரு கையில் கவினும் ஒரு கையில் புத்தகப்பையுமாகப் பாலு கீழே இறங்கினான். ஆட்டோவுக்குள் ஐந்து பிள்ளைகள். எதிர் வீட்டு வாசலில் நோயலின் அம்மா. பால் பாக்கெட்டோடு மேல் மாடித் தம்பதி. எல்லாரும் அன்றைக்கென்று சரியாக அங்கேதான் நிற்க வேண்டுமா? கவினை இறக்கிவிட்டு, ஆபீஸ் சட்டையோடு, ஐ.டி. கார்டு தொங்க, குறுக்குக் கையாகக் காதைப் பிடித்தான்.

"சார்! ஐயோ, என்னா சார் இது, பேட சார், வேணாம்!" சின்னப்பா பதறி இறங்கினார்.

"நீங்க எண்ணுங்க மாமா," என்றாள் தர்ஷினி. "அப்பாதான் உங்களை வரவேணாம்னு சொல்லிட்டு, நீங்க சொன்னீங்கன்னு சொல்லிட்டார்."

சின்னப்பா எண்ணவில்லை. கவின்தான் கை தட்டி எண்ணினான். "ஒண்ணு... ரெண்டு... அஞ்சு!" ஆட்டோப் பிள்ளைகள் சேர்ந்து கூச்சல் போட்டார்கள். மூன்றாவதில் பாலுவின் முட்டி 'மடக்' என்றது.

"மன்னிச்சிடுங்கண்ணே," என்றான் மூச்சு வாங்க.

"விடுங்க சார்." சின்னப்பா அவன் தோளைத் தொட வந்து, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல், கடைசியில் அவன் ஐ.டி. கார்டை நேராக்கிவிட்டார். "எனக்கும் வீட்டுல ஒரு பாப்பா இருந்துச்சு சார். பேசற வயசுல நான் டபுள் டூட்டி ஓட்டிக்கினு இருந்தேன்."

தர்ஷினி ஏறி, தன் இடத்திலிருந்த பையை நோயல் மடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். காகிதப் பொட்டலத்தைப் பிரித்துப் பல்லைக் காட்டினாள். கைதட்டல் தெருவையே தூக்கியது. வண்டி கிளம்பியது. அவள் திரும்பிப் பார்த்துக் கையாட்டுவாள் என்று பாலு நின்றான். எங்கே ஆட்டினாள்? அதற்குள் கதை ஆரம்பித்துவிட்டது.

"மாமா, எங்க அப்பா நேத்து என்ன சொன்னார் தெரியுமா? அப்பாவுக்கு என் மேல..."

"ஹௌதா!" என்றார் சின்னப்பா, ஊரே கவிழ்ந்துவிட்ட மாதிரி.

மீதியைக் கேட்க பாலு வண்டியோடு நாலு எட்டு ஓடினான். வண்டி திரும்பிவிட்டது. தெருமுனையில் நின்று, அந்த மீதிக் கதைக்காக அவன் மறுபடியும் வயிறெரிந்தான்.