பாதிச் சாட்சி

அன்று ஆராதனையில் எந்தப் பாட்டும் தையலக்காவின் காதில் ஏறவில்லை. வெள்ளிக்கிழமை வந்த ஸ்கேன் அறிக்கை மனசைப் போட்டுப் பிசைந்துகொண்டிருந்தது. மார்பில் கரைந்துபோன கட்டி திரும்ப வந்துவிட்டது. நாளைக்கே ஆஸ்பத்திரியில் வந்து சேரச் சொல்லிவிட்டார்கள். இது அவளுக்கும் வீட்டுக்காரருக்கும் மட்டும்தான் தெரியும். சபையைப் பொறுத்தவரை அவள் சுகமானவள்.

அந்தக் கூத்தை அவளேதான் பண்ணிவைத்தாள். நாலு மாதத்துக்கு முன், சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து நின்று, "கர்த்தர் தொட்டார், கட்டி கரைஞ்சு போச்சு" என்று முழங்கினாள். சபை முழுக்க அல்லேலூயா. ஆறு தடவை மருந்து ஏற்றிக்கொண்டதைப் பற்றி மூச்சு விடவில்லை. ஊசி, மருந்து என்று அடுக்கினால் ஆண்டவருக்குப் போக வேண்டிய மகிமையில் டாக்டர் பங்கு கேட்டுவிடுவாரோ என்று பயம். ஆண்டவருக்கே வக்கீல் வைக்கப் போனாள் பாருங்கள்!

இன்றைக்கு வெளியூர் விருந்தினர்கள் வருவதால், அதே சாட்சியை இன்னொரு முறை சொல்லும்படி பாஸ்டர் கேட்டிருந்தார்.

"தலைவலின்னு சொல்லிட்டு உக்காந்துடு," என்றார் வீட்டுக்காரர். மனுஷன் லாரி மெக்கானிக். எந்த இன்ஜினையும் அசராமல் பிரித்துப் போடுவார், இந்த விஷயத்தில் மட்டும் எதைத் தொடுவதென்றே தெரியாது. "ஒண்ணும் ஆகாதும்மா, ஒண்ணும் ஆகாது." பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து சபை வாசல் வரைக்கும் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். அவளும் தலைவலி என்று ஒதுங்கிக்கொள்வதாகத்தான் இருந்தாள்.

கணக்கு டீச்சர் மட்டும் பக்கத்தில் வந்து உட்காராமல் இருந்திருந்தால், அப்படியே ஒதுங்கியும் இருப்பாள். டீச்சர் இந்தச் சபைக்கு வரத் தொடங்கி ஒரு வருடம் இருக்கும். யாரோடும் அதிகம் பேசாத பெண். இன்று வந்ததும் வராததுமாக இவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன். எனக்கும் அதே கட்டிதான். போன மாசம் ஆபரேஷனுக்குத் தேதி குடுத்தாங்க. வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்."

தையலக்கா சட்டென்று திரும்பினாள். "ஏம்மா?"

"உங்க சாட்சியை ஃபோன்ல பதிவு பண்ணி வச்சிருக்கேன். தினமும் கேக்கறேன். உங்களுக்குச் செஞ்சவர் எனக்குச் செய்ய மாட்டாரா?"

"டீச்சர், கொஞ்சம் வெளிய வாங்களேன், ஒரு விஷயம்..." என்று இவள் ஆரம்பிப்பதற்குள் பாஸ்டர் மைக்கில் கூப்பிட்டுவிட்டார். எல்லாத் தலைகளும் திரும்பின. வீட்டுக்காரர் தூரத்திலிருந்து நெற்றியைத் தொட்டுத் தொட்டு ஜாடை காட்டினார்.

மேடையை நோக்கி நடந்தாள். உண்மையைச் சொன்னால் பாஸ்டர் முகத்தில் எப்படி விழிப்பது? அவளுக்கு விசுவாசம் பத்தவில்லை என்று நாளைக்கே நாலு பேர் பேசுவார்கள். சொல்லாவிட்டால் அந்தப் பெண் செத்துப்போவாள். ஐயோ, என் வாயால் ஒரு உயிர் போக வேண்டுமா! இரண்டு நாளாக ஏன் எனக்கு, ஏன் எனக்கு என்று ஆண்டவரைக் குடைந்துகொண்டிருந்தவள் இப்போது, கூட நில்லும் என்று மட்டும் கேட்டாள்.

"போன தடவை நான் பாதியைத்தான் சொன்னேன்," என்றாள் மைக்கில். "கட்டி கரைஞ்சது நிஜம். ஆனா ஆறு தடவை மருந்து ஏத்தினாங்க. அதைச் சொன்னா ஆண்டவருக்குக் குறைச்சல்னு மறைச்சுட்டேன். இப்ப அது திரும்ப வந்திருக்கு. நாளைக்கு ஆஸ்பத்திரியில சேரறேன்."

பாஸ்டரின் ஆமென் பாதியில் நின்றது.

"எனக்கு ரொம்பப் பயமா இருக்கு. ஆனா ஒண்ணு தெரியும். மருந்து ஏத்தின அன்னைக்கெல்லாம் வாந்தி எடுத்து எடுத்துத் தரையில சுருண்டு கிடந்தேனே, அங்க அவர் என்கூட இருந்தார். வலியே இல்லாம வச்சிருந்தாத்தான் அன்புன்னா, சிலுவையில தொங்கினவரைப் பத்தி நான் என்ன சொல்றது? என் பேச்சை நம்பி யாராவது டாக்டரை வேணாம்னு சொல்லியிருந்தா, என்னை மன்னிச்சுடுங்க. தயவுசெஞ்சு திரும்பப் போங்க."

திரும்பி வந்து பார்த்தால் டீச்சரின் இடம் காலியாக இருந்தது. தையலக்கா பதறிக்கொண்டு வெளியே ஓடினாள். டீச்சர் வாசல் கதவைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"அஞ்சு வாரம் போச்சுக்கா. அன்னைக்கே இதைச் சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருக்கணும்மா. என் தப்புதான்."

 ஏன் எனக்கு என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. ஆனால் கட்டி திரும்பி வந்திராவிட்டால் இன்றைக்கும் அந்தப் பாதியையே சொல்லி, இந்தப் பெண்ணைக் குழியில் தள்ளியிருப்பாள்.  அதை நினைத்தபோது, இந்தப் பாழாய்ப்போன கட்டியைக்கூட ஆண்டவர் வீணாக விடவில்லை என்று முதல் முறையாக மனசுக்குள் ஒரு தெம்பு வந்தது.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கு எத்தனை மணிக்குப் போறீங்க?"

"எட்டுக்கு."

"நானும் வரேன். தனியாப் போகப் பயமா இருக்கு. ஆனா உங்க மேல இருக்கற கோவம் போகலை, சொல்லிட்டேன்."

"போக வேணாம்மா," என்றாள் தையலக்கா. "கோவத்தோடவே வா."