முழங்கை அளவு

பதினொரு நாள் மழை இல்லாததால், வெளிச் சமையலறையின் சுவர்கள் தடையில்லாமல் எழும்பின. பன்னிரண்டாம் நாள் காலை பட்டறைக்காரர் சமையல் மேடைக்கு அடியில் மாட்டும் உலோகக் கதவுகளோடு வந்து இறங்கினார்.

அம்மா இருபது வருடமாகக் கேட்டது இது. உள்ளே இருக்கும் சமையலறைக்குக் கையகல ஜன்னல். எண்ணெய் காய்ந்தால் அம்மாவுக்கு இருமல் பிடிக்கும், லேசில் விடாது. கேட்கும்போதெல்லாம் அப்பா பேப்பரைத் திருப்புவார். பல்பு மாற்றவே பலமுறை சொல்ல வேண்டிய மனிதர், போன மாதம் தானாகவே வந்து, பின்னால் கட்டிவிடலாம் என்றார். அம்மா அதைத் தெருவில் எல்லோரிடமும் சொன்னாள். கல்யாணமாகி முதல் தடவையாகத் தன் பேச்சு எடுபட்டிருக்கிறது என்றாள்.

வேலை தொடங்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பாவுக்குத் தெரிந்தவர் ஒருவர் மனைவியோடு வந்தார். அந்த அம்மாள் நல்ல உயரம். பின்பக்கம் போய் நின்று, முழங்கையை மடித்து, இந்த உயரம் என்று காற்றில் காட்டினார். அப்பா டேப்பை நீட்டி அளந்தார். விஷயம் தெரிந்தவர்களிடம் யோசனை கேட்கிறார் என்று அம்மா டீ போட்டுக் கொடுத்தாள்.

அம்மா பச்சை நிறக் கதவு கேட்டாள். எவர்சில்வர்தான் என்று அப்பா முடித்துவிட்டார். அதையும் அவள் அக்கறை என்று எடுத்துக்கொண்டாள்.

பட்டறைக்காரர் கதவுகளை மாட்டி முடித்தார். அவற்றுக்கு மேலே மேடைக் கல்லை ஏற்றினார்கள். அம்மா டப்பாக்களைக் கழுவித் துடைத்துப் படியில் வைத்திருந்தாள். ஒன்றை எடுத்துக்கொண்டு மேடையருகே போய் நின்றாள். மேடை அவள் நெஞ்சுக்கு வந்தது.

அம்மா குள்ளம். அப்பா அவளைக் கூப்பிடுவதே 'அரைப்படி' என்றுதான்.

"அளவு எங்கேயோ உதைக்குது தம்பி. நான் ஏணி போட்டுத்தான் கிண்டணும் போல."

பட்டறைக்காரர் சிரித்தார். பிறகு கதவைத் தட்டிக் காட்டினார். மரமென்றால் இழைத்துக் குறைக்கலாம். இது நாலு ஓரமும் மடித்த தகடு, வெட்டினால் குப்பைக்குத்தான் போகும் என்றார். சார் கொடுத்த அளவுதான், சந்தேகப்பட்டு மறுபடியும் போன் செய்து கேட்டேன் என்றார்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அவர் ஒரு கீலைத் தடவிக்கொண்டிருந்தார். பலகை போட்டு நின்றுகொள்ளலாமே என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை.

டப்பாவைக் கல்மேல் வைக்கக் கையைத் தூக்கியவள் பாதியில் நிறுத்தினாள். முழங்கையை மடித்துக் கல்லோடு ஒட்டிப் பார்த்தாள்.

"அன்னைக்கு வந்தாங்களே, வாசல்ல தலை குனிஞ்சு நுழைஞ்சாங்க. அவங்க முழங்கைக்கு இது கச்சிதமா இருக்கும். இல்லீங்க?"

அப்பா அடுத்த கீலைத் தடவப் போனார்.

அம்மா பட்டறைக்காரர் பக்கம் திரும்பினாள். "கழட்டிட்டுக் கல்லக் கீழ இறக்கி வைங்க தம்பி. கதவே இல்லாட்டியும் பரவாயில்ல. எனக்குக் கை எட்டினா போதும்."

அவர் தயங்கித் திருப்புளியை எடுத்தார். அப்பா குறுக்கே வந்து கதவின்மேல் கையை வைத்தார். அம்மாவைப் பார்க்காமல், பட்டறைக்காரரிடம் சொன்னார்.

"தொடாதீங்க. இதக் கட்டிக் குடுத்தாத்தான் வாங்குவோம்னு சொன்னாங்க. வீட்ட அவங்களுக்கு வித்தாச்சு."