தொட்டால் திறக்கும்

விடிய இன்னும் நேரம் இருந்தது. நெட்டை தோள் கொடுத்து ரயில் நிலையத்தின் இரும்பு ஷட்டரைத் தூக்கினான். அடியில் குனிந்து நுழைந்தாள் டிக்கெட் அக்கா. குனியும்போது முழங்கால் இரண்டும் முனகின. அவள் கண்டுகொள்ளவில்லை, அதுகளுக்கு வேறு வேலை என்ன?

முதல் வேலை கதவுகளைத் துடைப்பது. இடுப்பளவு உயரத்தில் ஒரு வரிசைக் கதவுகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு தடித்த கண்ணாடிப் பலகைகள், பக்கத்தில் கார்டு தொடுவதற்கு ஒரு வட்டம். நேற்று ரயில் பிடித்த கூட்டத்தின் வியர்வையும் எண்ணெயும் அந்த வட்டத்தில் பிசுபிசுப்பாகப் படிந்திருக்கும். அதைத் துடைக்காவிட்டால் மிஷின் கார்டைப் படிக்காது. வாளித் தண்ணீர் பனிக்கட்டியாக இருந்தது. துணியைப் பிழியும்போது விரல் கணுக்கள் மரத்துப்போயின. மூக்குக்கண்ணாடி போட்ட கண்ணாடிக்காரர், ஊழியர்களில் மூத்தவர், ஓரத்தில் நின்று ஒவ்வொரு கதவாகத் தன் கார்டைத் தொட்டுத் திறந்து மூடிப் பார்த்தார். பீப், பீப் என்று அது கத்தியது. அந்தச் சத்தம் டிக்கெட் அக்காவுக்குத் தூக்கத்திலும் கேட்கும்.

அந்த நிலையத்தின் டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்து அவள் பல வருடம் டிக்கெட் கிழித்தவள். பெயர் அப்படி வந்ததுதான். கார்டு வந்தது, ஜன்னலைப் பலகை வைத்து அடைத்தார்கள். வேலையை ஒரு காண்ட்ராக்டர் எடுத்துக்கொண்டார், அவளைக் கதவோரம் நிற்க வைத்தார். உட்கார்ந்து வாங்கிய சம்பளத்தைவிட நின்று வாங்கும் சம்பளம் குறைவு. கேட்டதற்கு, "இப்ப உங்களுக்கு என்னம்மா வேலை? எல்லாம் மிஷின்தானே பாக்குது" என்றார் காண்ட்ராக்டர்.

மிஷின் பார்க்கிறதாம்! அதற்கு முகம் கழுவிவிடுவது யார்? அது முரண்டு பிடிக்கும்போது சமாதானம் சொல்வது யார்? அது சிவப்பைக் காட்டினால் ஜனங்களிடம் வசவு வாங்குவது யார்?

முதல் வண்டிக்கு வருகிறவர்களின் கார்டுதான் அதிகம் சிவப்பு காட்டும். அது அவர்கள் குற்றமில்லை. அலுவலகங்களைப் பெருக்குகிறவர்கள், ரொட்டி சுடுகிறவர்கள், ஆஸ்பத்திரித் துணி துவைக்கிறவர்கள். முந்தின நாள் சாயங்காலம் கூலி வாங்கிக் கடையில் கார்டுக்குப் பணம் போடுவார்கள். போட்ட பணம் கதவுக்கு வந்து சேர மறுநாள் வெயில் ஏறிவிடும். கடைக்காரன் பணம் வாங்கியாகிவிட்டது. கதவுக்குத்தான் தகவல் இல்லை. அதனால் ஊழியர்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். சிவப்பு காட்டினால் தங்கள் கார்டைத் தொட்டுத் திறந்துவிடுவார்கள். இறங்குகிற இடத்தில் தொடும்போது பணம் வந்து சேர்ந்திருக்கும், மிஷின் முழுக் கட்டணத்தையும் கழித்துக்கொள்ளும். யாருக்கும் நஷ்டமில்லை.

ஆனால் ஒவ்வொரு திறப்பும் ஊழியர் பெயரில் பதிவாகும். ரயில்வேக்காரர்கள் அதற்குக் காண்ட்ராக்டரிடம் அபராதம் பிடித்தார்கள். அவர் சும்மா இருப்பாரா? முந்தின நாள் டிக்கெட் அக்காவைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, உங்க நாத்தனார் கார்டு தினமும் சிவப்பு. தினமும் நீங்கதான் திறந்து விட்டிருக்கீங்க. பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. நாத்தனார் அவள் வீட்டிலேயே இருப்பவள். புருஷனோடு ஒத்துவராமல் அண்ணன் வீட்டுக்கு வந்தவள், ஆஸ்பத்திரியில் துணி துவைத்துத் தன் சாப்பாட்டைத் தானே சம்பாதிக்கிறவள். திருட்டுப் பட்டம் அவளுக்கும் சேர்த்து விழுந்தது. அன்றிலிருந்து உத்தரவு: கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டு அனுமதி வாங்காமல் யாரும் கதவு திறக்கக் கூடாது. திறந்தால் வேலை போகும்.

அந்த விடியலில் நாத்தனார் வழக்கம்போல முதல் ஆளாக வந்து டிக்கெட் அக்காவின் கதவில் கார்டைத் தொட்டாள். சிவப்பு. பின்னால் கூட்டம் சேர்ந்துகொண்டே இருந்தது. எல்லாக் கதவிலும் சிவப்புதான்.

"அண்ணி, திற."

"இரு. கேட்டுட்டுத் திறக்கிறேன்."

"யாரைக் கேக்கணும்? வண்டி வருது அண்ணி!"

டிக்கெட் அக்கா ஒரு கையில் போனைக் காதில் வைத்திருந்தாள். இன்னொரு கையில் ஊழியர் கார்டு. மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. வேறு யாராக இருந்திருந்தாலும் அவள் திறந்திருப்பாள். சொந்தக்காரிக்குத் திறந்தாள் என்ற பேச்சு இனி வரக் கூடாது என்று கல்லாக நின்றாள். வண்டியின் ஊதல் கேட்டது. கூட்டம் நெட்டித் தள்ளியது. நாத்தனாரின் வயிறு கண்ணாடிப் பலகையில் அழுந்தியது. பின்னாலிருந்து யாரோ ஒருவர் அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டித் தன் கார்டைத் தொட்டுவிட்டார். அது பச்சை காட்டியது. பலகைகள் விலகின, நாத்தனார் குப்புற விழுந்தாள். எழுவதற்காகக் கையை ஊன்றினாள். பலகைகள் மூடின.

எலும்பு முறிகிற சத்தம் பீப் சத்தத்தைத் தாண்டிக் கேட்டது. அப்போதும் போன் அடித்துக்கொண்டுதான் இருந்தது.

மத்தியானம் காண்ட்ராக்டர் அவளைத் தன் அறைக்கு அழைத்தார். உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"கை எப்படிம்மா இருக்கு அவங்களுக்கு?"

"மாவுக்கட்டு போட்டிருக்காங்க. மணிக்கட்டு ரெண்டா போச்சு. பழையபடி துணி பிழிய முடியுமான்னு சொல்ல முடியாதாம்."

"அடப் பாவமே." உண்மையிலேயே வருந்துகிற குரல்தான். "கேமராவுல பாத்தேன். அடுத்தவர் கார்டுல உள்ள நுழைஞ்சிருக்காங்க."

"நுழையல சார். தள்ளிவிட்டுட்டாங்க."

"படத்துல அப்படித்தாம்மா தெரியுது. ஒரு கார்டு, ரெண்டு ஆளு. நாளைக்குக் காலையில ரயில்வே அதிகாரி வர்றாரு. பக்கத்துல நின்னது நீங்க. காசு கட்டாம நுழையப் பாத்தாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். விஷயம் முடிஞ்சிரும்."

"எங்க வீட்டுப் பொண்ணு திருடின்னு நானே சொல்லணுமா?"

"நீங்க சொன்னாத்தான் நம்புவாங்க. சொந்தக்காரியே சொல்றாங்களேன்னு." அவர் டீயை அவள் பக்கம் நகர்த்தினார். "இல்லேன்னா கேள்வி உங்க பக்கம் திரும்பும். கூட்டத்தை ஏன் ஒதுக்கலைன்னு கேப்பாங்க. என்னால உங்களை வச்சிருக்க முடியாதும்மா. எனக்கு மட்டும் ஆசையா? நானும் ஒரு காலத்துல கால்கடுக்க நின்னவன்தான்."

"நின்னவருக்கு இது தெரியாதா சார்?"

 டீ ஆறி ஏடு கட்டியது. அவள் தொடாமல் எழுந்து வந்தாள்.

வீட்டில் ஒரே அறை, ஒரே கட்டில். அதில் நாத்தனார் கையை மார்போடு அணைத்து உட்கார்ந்திருந்தாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. தங்கையைப் பார்க்கப் பொறுக்காமல் அண்ணன்காரன் வாசலில் போய் நின்றுகொண்டான். டிக்கெட் அக்கா சீப்பை எடுத்து அவள் பின்னால் உட்கார்ந்தாள்.

"மெதுவா, அண்ணி. கை போச்சு, தலையையும் பிச்சு எடுத்துடாத."

"ரொம்பத்தான். சிக்கு எடுக்காம எத்தனை நாளாச்சு?"

"இதுல ஒரே சந்தோஷம் என்ன தெரியுமா? பாத்திரம் தேய்க்கிறது இனிமே உன் தலையில."

அவள் சிரிக்க முயன்றாள். டிக்கெட் அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. காண்ட்ராக்டர் சொன்னதைச் சொன்னாள். சீப்பு முடியில் பாதியில் நின்றது.

"சொல்லிடு அண்ணி" என்றாள் நாத்தனார். "எனக்கு வேலை போயிடுச்சு. உனக்கும் போனா வாடகைக்கு எங்க போறது? அண்ணன் சம்பாத்தியம் அவன் மருந்துக்கே சரியா இருக்கு. பேருதானே? கெட்டா கெட்டுட்டுப் போகுது."

"கார்டு என் கையிலதான்டி இருந்துச்சு."

"தெரியும். பாத்தேன்."

அவ்வளவுதான் சொன்னாள். ஏன் திறக்கவில்லை என்று அவள் கேட்டிருந்தால் தாங்கியிருக்கலாம். டிக்கெட் அக்கா அவள் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நாத்தனார் நல்ல கையைப் பின்னால் கொண்டுவந்து அண்ணியின் தலையைத் தட்டினாள். "விடு. நீ நியாயமா இருக்கப் பாத்த. என்ன, ரொம்ப நியாயமா இருந்துட்ட" என்றாள்.

மறுநாள் ஷட்டரைத் தூக்கியதும் டிக்கெட் அக்கா வாளியைத் தொடவில்லை. உடுப்பு மாற்றுகிற சின்ன அறையில் நெட்டையையும் கண்ணாடிக்காரரையும் மற்றவர்களையும் நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னாள்.

"நானும்தான் போன் போட்டேன்" என்றான் நெட்டை. "மொத்த லைனுக்கும் அங்க ஒரே ஆளாம். அவன் எத்தனை போனைத்தான் எடுப்பான்?"

"நானும் போட்டேன்" என்றாள் ஓரத்துக் கதவில் நிற்பவள். எல்லோருமே போட்டிருந்தார்கள். எல்லோர் கையிலும் கார்டு இருந்தது. எவரும் திறக்கவில்லை. இதை அதுவரை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. தான் மட்டும்தான் கோழை என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் அந்த வார்த்தையைச் சொல்லப் போறதில்ல" என்றாள் டிக்கெட் அக்கா. "இன்னிக்குச் சிவப்பு வந்தா திறக்கவும் போறேன். என் வேலை போனாப் போகட்டும். உங்களை யாரையும் கூப்பிடல."

"கூப்பிடாம என்ன?" நெட்டைக்குக் கோபம் வந்தது. "நீ திறப்ப, நாங்க வாயில ஈ போறது தெரியாம நின்னு பாக்கணுமா?"

 கண்ணாடிக்காரர் பயந்த சுபாவம். அவருக்கு இரண்டு பெண்கள் கல்யாணத்துக்கு நின்றார்கள். அவர் அறை வாசலைப் பார்த்துத் திரும்பியபோது, நழுவுகிறார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அவர் தொப்பியைக் கழற்றினார். கழுத்துக் கயிற்றிலிருந்து தன் கார்டை உருவி அதில் போட்டார்.

"எந்தக் கார்டு திறந்துச்சுன்னு மிஷினுக்குத் தெரியும். எந்தக் கை திறந்துச்சுன்னு தெரியாது. எல்லாரும் போடுங்க. கண்ணை மூடிட்டு ஆளுக்கு ஒண்ணு எடுங்க." தொப்பியை நடுவில் நீட்டினார். "கேமராவுல பாத்தாலும் எல்லாரும் திறக்கிறதுதான் தெரியும். அனுப்புறதா இருந்தா மொத்தமா அனுப்பட்டும். இத்தனை பேரை அனுப்பிட்டு முதல் வண்டிக்கு எவனை நிறுத்துவாரு?"

"அடேயப்பா, இத்தனை நாள் இந்த மூளையை எங்க வச்சிருந்தீங்க?" என்றான் நெட்டை.

"பயத்துக்கு அடியில."

கார்டுகள் தொப்பியில் விழுந்தன. நெட்டையின் கார்டு டிக்கெட் அக்காவின் கைக்கு வந்தது. அவள் கார்டு யாரிடம் போனது என்று அவள் பார்க்கவில்லை.

கூட்டம் வந்தது. சிவப்பும் வந்தது. முதலில் ஒரு பீப், பிறகு வரிசை முழுக்கப் பீப். பலகைகள் ஒவ்வொன்றாக விலகின. உள்ளே போனவர்கள் திகைத்து, ஊழியர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டே போனார்கள். கட்டுப்பாட்டு அறையிலிருந்து போன் அடித்தது. அப்படியே அடிக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

காண்ட்ராக்டர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். கூட ரயில்வே அதிகாரி. காண்ட்ராக்டர் வந்த வேகத்தில் நேரே நெட்டையிடம் போனார்.

"உன் கார்டு இத்தனை தடவை திறந்திருக்கு. என்ன நினைச்சிட்டிருக்க?"

"என் கார்டா? என்கிட்ட இல்லையே சார்."

"அப்ப யாரு திறந்தது?"

"நாங்கதான் சார்" என்றார் கண்ணாடிக்காரர்.

"நாங்கன்னா யாரு? ஆளைச் சொல்லுங்க!"

நெட்டை நகர்ந்து கண்ணாடிக்காரருக்குப் பக்கத்தில் நின்றான். காண்ட்ராக்டர் முகத்தில் ஈயாடவில்லை. அதிகாரி பக்கத்தில் நிற்பது நினைவு வந்து குரலை இறக்கி, டிக்கெட் அக்காவிடம் திரும்பினார். "அம்மா, இதை அப்புறம் பாத்துக்கலாம். நேத்து நடந்ததை நீங்க சாருக்குச் சொல்லுங்க. பாத்தபடி."

 வாடகை, மருந்து, மாவுக்கட்டு எல்லாம் அவள் கண்முன் வந்து நின்றன. கூட்டம் பிளாட்பாரத்தில் காத்து நின்றது, கதவோரம் நடப்பதைப் பார்த்துக்கொண்டு.

"பாத்தபடியே சொல்றேன்" என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடப் பலமாக வந்தது. "அவ கார்டுல பணம் இருந்துச்சு, முந்தின நாளே கடையில போட்டது. கதவு எடுத்துக்கல. திறக்கிற கார்டு என் கையில இருந்துச்சு. போனை எடுக்க ஆளில்ல. திறந்தா வேலை போகும்னு இவர் சொன்னாரு, நான் திறக்கல. அதனால எங்க வீட்டுப் பொண்ணு கை போச்சு. அவ திருடி இல்ல. இனிமே நாங்க திறப்போம். விடியற்காலையில போன் எடுக்க ஆள் போடுங்க. இல்ல, முதல் வண்டி போற வரைக்கும் கதவைத் திறந்தே வைங்க."

"கார்டை வச்சிட்டு வெளிய போங்க" என்றார் காண்ட்ராக்டர்.

அவள் கையிலிருந்ததை நீட்டினாள். அவர் வாங்கிப் பார்த்தார். அதில் நெட்டையின் படம் இருந்தது. ஓரத்துக் கதவுக்காரி தன் கையிலிருந்ததை நீட்டினாள். கண்ணாடிக்காரரும் நீட்டினார். எதை வாங்குவது என்று தெரியாமல் காண்ட்ராக்டர் நின்றார்.

அப்போது வண்டி வந்தது. பாதிப் பேர் ஓடிப்போய் ஏறினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வண்டியை விட்டால் வேலை நேரம் தவறும், கூலியில் கைவைப்பார்கள். மற்றவர்கள் ஏறவில்லை. டிக்கெட் அக்கா நம்பாமல் பார்த்தாள். ரொட்டி சுடுகிறவர்கள் இருந்தார்கள். நாத்தனாரோடு துணி துவைக்கிற இரண்டு பெண்கள் இருந்தார்கள். வண்டிக் கதவுகள் மூடின, வண்டி புறப்பட்டது. அது கண்ணிலிருந்து மறையும் வரை அவர்கள் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு ஒவ்வொருவராக நடந்து வந்து ஊழியர்களுக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

"போயிருக்கலாமேம்மா" என்றாள் டிக்கெட் அக்கா, கண் கலங்க. "இன்னிக்குக் கூலி போச்சே."

 துணி துவைக்கிறவர்களில் பெரியவள் கைப்பையைத் தரையில் வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அதிகாரியைப் பார்த்தாள்.

"அடுத்த வண்டி வர நேரமிருக்கு சார். சொல்லுங்க, பேசுவோம்."